பதினேழாம் நம்பர் புல்

நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தது புல்லைப் பற்றி. மாட்டுக்கு வெட்டிப் போடும் கம்பு நேப்பியர் புல். கல்யாண வீடுகளில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டு, நான் பதில் சொன்னால், "புல்லா?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிறகு எனக்கு இன்னொரு வடை வைப்பார்கள்.

பாகூர், கரியமாணிக்கம், கரையாம்புத்தூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் போய் இலை பறித்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, மார்க்கர் என்னும் மரபணு அடையாளங்களை வைத்து, எந்தப் புல் எதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால்தான் என் மூன்றாம் அத்தியாயம் நிற்கும். முப்பது வீடுகளில் பறித்து, ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு பேர் என்னை நிறுத்திக் குச்சி ஐஸ் கேட்டார்கள்.

இந்தப் புல்லை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரும்பு மாதிரி கரணை வெட்டி நடுவார்கள். ஒரு வீட்டில் நன்றாக வந்தால் அடுத்த வீட்டுக்காரர் நாலு கரணை கேட்டு வாங்கிப் போவார். ஆகவே எல்லாம் ஒரே செடியாக இருக்கலாம் என்று என் வழிகாட்டி மேடம் முதலிலேயே எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. என் நம்பிக்கை முழுவதும் பதினேழாம் நம்பர் மேல் இருந்தது.

பதினேழாம் நம்பர், கரியமாணிக்கத்தில் நான்கு மாடு வைத்திருந்த ஓர் அக்காவுடையது. மற்றவர்கள் புல்லைவிட ஒரு முழம் உயரம். அது அவருடைய அம்மா வீட்டுப் புல் என்றும், கடலூர் பக்கத்திலிருந்து கொண்டு வந்தது என்றும், இந்த ஊரில் எவளிடமும் இல்லை என்றும் சொன்னார். 'எவளிடமும்' என்னும்போது அவர் பார்வை வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே அவருடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, சாணி வாரிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பிரித்த டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன்; செடி வேறாக இருந்தால் அதில் கோடுகள் வேறு இடத்தில் விழும். முப்பதும் ஒன்றுபோலவே வந்தன. கோடுகள் ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்காக நின்றன. பதினேழும் அதே வரிசையில் நின்றது.

"ஒண்ணு நீ ட்யூபை மாத்தியிருக்கே, இல்ல அந்தம்மா பொய் சொல்லுது" என்றார் மேடம். ட்யூபை மாற்றியிருந்தால் மற்ற இருபத்தொன்பதையும் நம்ப முடியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது நான்கு மாதம். ஆய்வகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மறுபடி இலை கேட்டுப் போனேன். அக்கா தரவில்லை. போன தடவை நான் பறித்ததிலிருந்து சிவப்பு மாட்டுக்கு அரை லிட்டர் பால் குறைந்துவிட்டதாம், என் கண் பட்டுவிட்டதாம். உப்பு மிளகாய் சுற்றிப் போட்ட விவரத்தையும் சொன்னார். எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கோபப்படுவதற்குப் பதிலாக, உங்கள் புல்லும் மற்றவர்கள் புல்லும் ஒன்றாக வருகிறது, எங்கே தப்பு என்று தெரியாவிட்டால் என் படிப்பே போய்விடும் அக்கா என்று கெஞ்சினேன்.

அவர் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். கொட்டகை கழுவிய தண்ணீரெல்லாம் நேராக அந்தப் புல்லுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழ உயரத்தின் காரணம் அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது.

"பறிச்சிக்கினு போம்மா. ஒண்ணாத்தான் வரும்" என்றார்.

ஓரகத்தி ஊரில் இல்லாத ஒரு நாள், அந்த ஓரகத்தியின் வரப்பிலிருந்து அக்காவே நான்கு கரணை வெட்டிக்கொண்டு வந்தாராம். ஓரகத்தியிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பா. அதான் கேக்கல."

இலையைக் கொண்டு போய் மறுபடி ஓட்டினேன். ஒன்றாகத்தான் வந்தது. ட்யூப் மாறவில்லை, நான் பிழைத்தேன். அந்தப் பகுதிப் புல்லில் வேறுபாடே இல்லை, ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும் என்பதே மூன்றாம் அத்தியாயம் ஆனது.

அட்டவணையில் ஒவ்வொரு செடியும் எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. பதினேழுக்கு நேராக, 'தெரியவில்லை' என்று எழுதினேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். விசாரித்தேன் மேடம், தெரியவில்லை என்றேன். முப்பதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது அந்த ஒன்றுதான்.