பிடியரிசி டின்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டுவிடுவார்கள். பிடியரிசி என்று பேர். அது ஆண்டவருடையது. மாதக் கடைசியில் உபதேசியார் சைக்கிளில் வந்து வீடு வீடாக அதைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு போவார். கோலசிலாங்கூர் கோயிலில் அது விதவைகளுக்கும் சீக்காளிகளுக்கும் போய்ச் சேரும்.

என் மனைவி அந்தப் பிடியைப் போடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும், கண் அடுப்பில் இருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்கு பிஸ்கட் டின்னுக்குப் போய்வரும். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள்.

"ஏக்கா, உங்க சாமிக்கு தெனம் மூணு வேளையுமா பசிக்கும்? எங்க ஆத்தாளுக்கு வருசத்துக்கு ஒருவாட்டி கூழு ஊத்துனா போதும்லா."

"எங்க சாமிக்குப் புள்ளைங்க நெறைய. அதுங்களுக்குத்தான்டி பசிக்குது" என்பாள் என் மனைவி. பிறகு இருவரும் சேர்ந்து தங்கள் புருஷன்மாரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதை இங்கே எழுத முடியாது.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்தார்கள். எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி எழும்பியது. ஒரே ஒரு கேட். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மடி, தலைத்துணி, வாளி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது. அதுதான் சட்டம். என் தேத்தண்ணிப் போத்தலில் சீனி போட்டிருக்கிறேனா என்று ஒரு காவல்காரர் மூடியில் ஊற்றி நக்கிப் பார்த்திருக்கிறார். "சப்புன்னு இருக்கு" என்று முகம் சுளித்தார். "ஆமாங்க, நானும் அதத்தான் தெனம் குடிக்கிறேன்" என்றேன். சிரிக்கவில்லை அவர்.

அரிசிக்குக் கார்டு வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். கொடுத்ததற்கு மேல் வீட்டில் இருந்தால் அது காட்டுக்காக ஒளித்து வைத்த அரிசி என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு.

அந்த மாதம் உபதேசியார் வந்தபோது கேட்டிலேயே கேட்டுவிட்டார். காணிக்கை அரிசியைக் கொண்டுபோகலாமா? ஒரு மணிகூட வெளியே போகாது என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வச்சிருங்கம்மா. நெலம சரியாவட்டும். கர்த்தர் ஒரு வழி காட்டுவாரு."

"சரிங்கய்யா" என்றாள் இவள்.

மற்றக் கிறிஸ்தவ வீடுகளில் இருந்த பிடியரிசியை உலையில் போட்டுவிட்டு அத்தோடு நிறுத்திவிட்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இருந்த வீடுகள். என் மனைவி நிறுத்தவில்லை. ரேஷன் குறைந்தபோது பிடி சிறுத்தது. அவ்வளவுதான். அப்போது அவள் பிள்ளைத்தாச்சி. டின்னுக்குப் போன ஒவ்வொரு பிடியும் அவள் வயிற்றுக்குப் போகாத பிடி. டின் நிறைவதை நான் தினமும் எட்டிப் பார்த்தேன்.

பிறகு ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சேதி வந்தது. ஒரு வீட்டில் கணக்குக்கு மேல் அரிசி இருந்ததாம். வீட்டுக்காரனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். கப்பலேற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது என்றார் இன்னொருவர். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கப்பலில் ஏற்றினால் எனக்கு எந்த ஊர்? நான் பிறந்ததே இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்.

"அத ஆக்கிச் சாப்ட்றலாம் புள்ள" என்றேன்.

"குடுத்தத வாயில போட்டுக்கிறதா?"

"குடுக்கலியே. இன்னும் இங்கதான இருக்கு?"

"நான் குடுத்துட்டேன். எடுத்துட்டுப் போக ஆள் வரல. அது என் தப்பா?"

"சரி, பொதச்சிடுறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அரிசியை மண்ணில் போடுவதா? எனக்கே வாய் கூசியது.

"அவரு பெரியவருங்க" என்றாள். "இந்த டின்னு இங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். அதப்பத்தி எனக்குக் கவலையே இல்ல. கேட்டுல நிக்கிற மாத்தாவுக்கு, அந்தப் போலீசுக்குத் தெரிஞ்சா?"

நானும் நம்புகிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஆண்டவர் பெரியவர் என்று பாடும்போது என் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும். அதே பாட்டு திங்கட்கிழமை கேட் வரிசையில் முதல் அடியைத் தாண்டாது. மலையைப் படைத்தவர், கடலைப் படைத்தவர் என்றால் மனம் ஒப்புக்கொள்கிறது. ஒரு பிஸ்கட் டின்னை அவர் பார்த்துக்கொள்வார் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. சின்ன விஷயத்துக்கு அவரை நம்புவதுதான் பெரிய பாடு.

பால் வெட்டும்போதும் இதே நினைப்பு. பட்டையை மெல்லச் சீவ வேண்டிய இடத்தில் கத்தி உள்ளே இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டது. அடுத்த மரத்திலும் அப்படியே. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்துவிட்டார்.

"டேய், சீவுறியா, ஆட்டுத் தொடய உரிக்கிறியா? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு மண்டோரே."

"அப்ப மனசா? மனச வீட்ல வச்சிட்டு வாடா. மரத்துக்கு அது வேணாம்."

வீட்டில் வைத்ததுதானே வினை என்று சொல்லவா முடியும்.

ஒருநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அறிவிப்பு வந்தது. இனி வீடுகளில் சோறு ஆக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுச் சமையல். சோறாகக் கொடுத்தால் மறுநாளைக்கு நிற்காது, காட்டுக்கும் போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் உள்ள அரிசியை எல்லாம் ஸ்டோருக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பிறகு வீடுகளைச் சோதனை போடுவார்கள்.

கொண்டுபோனால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். வைத்திருந்தால் கண்டுபிடிப்பார்கள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "அண்ணே, எதுக்கு இப்படிக் கூண்டுப் புலியாட்டம் நடக்குறீங்க? எங்க அரிசியில கொஞ்சம், அடுத்த வீட்டு அரிசியில கொஞ்சம்னு கலந்துட்டாப் போச்சு. யாரு கண்டா?"

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. நிறுத்துப் பாப்பாங்க. மாட்டுனா உங்க வீட்டு ஆம்பளையும் லோரியில ஏறணும். இது எங்க சாமி அரிசி. நாங்களே பாத்துக்கிறோம்."

"நீ பாத்துக்குவ. அண்ணன் பாத்துக்குவாரான்னுதான் தெரியல" என்றாள் அவள், என்னை மேலும் கீழும் பார்த்து.

சனிக்கிழமை வரிசையில் நின்றோம். ஸ்டோர் வாசலில் மேசை, தராசு. மேசைக்குப் பின்னால் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியும் மலாய்க்காரப் போலீஸ் சார்ஜனும். ஓரத்தில் ஒரு லோரி நின்றது. யாரை ஏற்ற என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி வீட்டு அரிசிப் பானையை மேசையில் வைத்தாள். கிராணி நிறுத்துப் பார்த்து, கார்டைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து அவள் டின்னைத் தூக்கிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒளிக்கவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"இதென்ன?"

"பிடியரிசிங்க. ஆண்டவருக்கு எடுத்து வச்சது."

கிராணி எங்களை இரக்கத்தோடு பார்த்தார். "ஆண்டவர் பெரியவர்தாம்மா. ஆனா அவர் பேர்ல கார்டு இல்லியே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றும் போனது.

சார்ஜன் என்னிடம் திரும்பினார். "பெராஸ் சியாப்பா?" யாருடைய அரிசி என்றால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சந்தைக்கடை மலாயில், இது கடவுள் அரிசி, கோயிலுக்கு, ஏழைகளுக்கு, சமைக்கிறபோது ஒரு பிடி, ஒரு பிடி என்று கையைக் குவித்துக் காட்டினேன். அவர் டின்னுக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து அள்ளினார். அடியில் இருந்தது பழைய அரிசி, வண்டு ஓடியது. நடுவில் உடைசல். மேலே போன வாரத்து ரேஷன். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"மாச்சாம் பித்ரா?" என்றார் மெதுவாக. நோன்புப் பெருநாளுக்கு முன்பு அவர்கள் ஏழைகளுக்கு அளந்து கொடுக்கிற அரிசி. அது போலவா என்று கேட்கிறார்.

"ஆமாங்க, அது போலத்தான்" என்றேன். மலாயில் சொல்லவேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது.

அவருக்குப் புரிந்தது. ஆனால் விடுவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வரட்டும் என்று சொல்லி எங்களை ஸ்டோர் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டார்.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது? ஜெபிக்கத் தொடங்குவேன். பாதியில் லோரியைப் பார்ப்பேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று வாய் சொல்லும். லோரியில் இருக்கை இருக்குமா, நிற்க வேண்டுமா என்று மனம் கேட்கும். நான் போனால் இவளுக்குப் பிரசவத்துக்கு யார்? இவள் என்னடாவென்றால் தூணில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "இடுப்பு வலிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்கிறாள்.

"பயமே இல்லியா உனக்கு?"

"இருக்கு. அதுக்குன்னு எந்திரிச்சி நடந்தா கொறஞ்சிருமா?" என்றாள். "நீங்க நடக்குறீங்க, நான் உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் அவரு கையிலதான் இருக்கோம்."

பக்கத்து வீட்டுக்காரி தன் அரிசியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் எங்களுக்கு எதிரே வந்து குந்திக்கொண்டாள். காவல்காரர் போகச் சொன்னார். "தெனம் மூணு வேளை பாத்தவ நான். கேட்டா நான்தானே சொல்லணும்?" என்று அசையாமல் இருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது துரையின் ஜீப் வந்தது. கிராணி இங்கிலீஷில் சொன்னார், சார்ஜன் மலாயில் சொன்னார். துரை இருவரையும் நிறுத்திவிட்டு என் மனைவியிடம் பானையைக் காட்டினார். எப்படி எடுப்பாய், செய்து காட்டு என்று கிராணி மொழிபெயர்த்தார்.

அவள் ஸ்டோரில் இருந்த குவளையால் பானையிலிருந்து அரிசியை அளந்தாள். முறத்தில் கொட்டினாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து நின்று, "அந்தக் கைதான் தொர, நல்லாப் பாருங்க" என்று கத்த, "சும்மா இருடி, இங்க வந்துமா" என்று இவள் திரும்பித் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே கை முறத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து டின்னில் போட்டுவிட்டது. அவள் பார்க்கவே இல்லை.

துரை பார்த்தார். பிறகு கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்க்க நடந்தார்.

"அரிசி முழுக்கப் பொதுச் சமையலுக்கு. இனிமே செய்யக் கூடாதாம். வீட்டுக்குப் போங்க" என்றார் கிராணி. தாழ்வாரத்திலிருந்து இறங்கும்போது படியைத் தவறவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த நாள் ஜெபத்துக்கு வந்த உபதேசியார் விஷயத்தைக் கேட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்றார். எழுந்தேன். பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று இரவெல்லாம் வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். எல்லாரும் பார்த்தபோது அது ஒன்றும் வரவில்லை.

"நான் நம்பிக்கையா இருந்தேன்னு சொன்னாப் பொய். நான் பயந்துட்டேன். அவரு பெரியவருன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் பயந்தேன். நான் பயந்ததால அவரு சின்னவராகல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"உக்காருங்க, போதும்" என்று இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திங்கட்கிழமை காலை கேட் வரிசையில் நின்றபோது பயம் மறுபடியும் வரத்தான் செய்தது. மனத்துக்குள் அந்தப் பாட்டைத் தொடங்கினேன். இரண்டு அடி பாடுவதற்குள் என் முறை வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். தடவிப் பார்த்துவிட்டு, போ என்றார்கள். மீதி அடிகளை முணுமுணுத்துக்கொண்டே மரங்களுக்குள் போனேன்.