மைனஸ் முப்பத்தெட்டு

நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்பவன் நான். அம்மா கட்டிலைவிட்டு எழுந்தால் தடுமாறி விழுந்துவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமையில்லை. கட்டில் கால்களுக்கடியில் எடை சென்சார்களை வைத்து, எடை குறைந்தால் பீப் அடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தேன். அவசரத்தில், அவர் படுத்திருந்தபோதே அந்த எடையைப் பூஜ்யம் என்று பதிந்துவிட்டேன்.

அவர் இறந்த அன்று பெட்டியை அணைத்தேன். காரியம் முடிந்த மறுநாள், செல்போனுக்குச் சார்ஜ் போட அந்த அறையில் சுவிட்சைத் தட்டினேன்; பெட்டியின் வயரும் அதில்தான் இருந்தது. பீப் அடித்தது.

சமையலறையிலிருந்து மனைவி பழக்கத்தில் சொன்னாள்: “ஏனுங்க, அத்தை எந்திரிச்சுட்டாங்களாட்ட இருக்குது. போய்ப் புடிங்க.”

பிறகு அங்கே பாத்திரச் சத்தமே இல்லை.

வெறுங்கட்டில். பெட்டியின் திரையில் மைனஸ் முப்பத்தெட்டு கிலோ.

ஒரு பொத்தானை அழுத்தினால் பூஜ்யமாகிவிடும். நான் அழுத்தவில்லை. உட்காரச் சலித்துக்கொண்டு செய்த பெட்டி அது. அன்று இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.