உடையாத எலும்புக்கு வைத்தியம்

நடந்தால் என் எலும்பெல்லாம் மாவாக உதிர்ந்துவிடும் என்று ஒரு மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்கிய என் மூத்த அக்கா வாசலில் லேசாக வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். “இது குடும்ப வியாதி, அடுத்தது நீங்கதானுங்க” என்றான் சந்தையில் தைலம் விற்றவன். அன்று கட்டிலில் விழுந்தவன், மாதக் கடைசியில் வைத்தியரைத் தேடி, வெள்ளைக்காரத் துரை மாதிரி நாலு பேர் தூக்கிய டோலியில்தான் கொல்லிமலை ஏறினேன்.

மலைமேல் அரியூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் அந்த வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். ஒட்டிய கன்னம், முறம் போன்ற உள்ளங்கை. யாரோடு பேசினாலும் கட்டுக்கு வேண்டிய மூங்கில் தப்பையைச் சீவிக்கொண்டே இருப்பார்.

“எங்கீங்க ஒடைஞ்சது?”

“இன்னும் ஒடையலீங்க.”

சீவுவதை நிறுத்தினார். டோலிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அக்கா விழுந்ததையும் தைலக்காரன் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

“வயசான பொம்பளைங்களுக்கு லேசா உழுந்தாலே ஒடையுதுங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. ஒடையாத எலும்பு உள்ளே எப்படி இருக்குன்னும் தெரியாது. தெரியும்னு சொல்றவங்கிட்டத் தைலம் வாங்காதீங்க. படுத்தே கெடந்தவங்கதான் எந்திரிச்சதும் உழுந்து, ஒடைச்சுக்கிட்டு வாராங்க. அத மட்டும் கண்ணால பாத்திருக்கறேன். எறங்கி நடங்க சாமி.”

தனக்குத் தெரியாததை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வைத்தியரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அன்று மலையை நடந்தே இறங்கினேன். பாதி வழியில் டோலிக்காரர் ஒருவருக்குக் கால் பிசகியதால், வெறும் டோலியின் ஒரு முனையை அடிவாரம் வரை நான்தான் சுமந்து வந்தேன்.