வாரேன் என்று சொல்லிவிட்டு வந்த வீடு

துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். அண்டை வீட்டார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்ற கேள்வி அதில் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன் மாரடைப்பில் போனதும் நான் தூக்குச்சட்டியை எடுத்துக் கழுவினேன்.

அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். துக்க நாளில் கவிச்சி ஆகாது. கறி போடாமல், பாசிப்பருப்பும் வெந்தயமும் மட்டும் போட்டு நோன்புக் கஞ்சி மாதிரி காய்ச்சிக்கொண்டு போனேன். அண்ணனின் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவள் சுகர்காரி. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் மயங்கி விழுந்துவிடுவாள். அவளோ பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அவர் பின்னாலேயே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் "மனசத் தேத்திக்கங்க" என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தேற்றிக்கொள்ள முடிந்தால் அவள் ஏன் இப்படிக் கிடக்கிறாள்? எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, 'சபூர் செய்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பொறுமை என்றால் அழாமல் இருப்பதா என்ன? நபிகளாரே பிள்ளையைப் பறிகொடுத்து அழுதவர்கள்தான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த அண்ணனை எனக்கும் பிடிக்கும். கரண்டு போனால் தறியை விட்டு வாசலுக்கு வந்து அவர் திட்டுகிற திட்டு கேட்கச் சுகமாக இருக்கும்.

கிளம்பும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. பழக்க தோஷத்தில், "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். இழவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். வாய் திறக்காமல் எழுந்து போக வேண்டும். எனக்கும் தெரிந்த வழக்கம்தான், நாக்கு கேட்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் நாத்தனார், "ஏன், இந்த வீட்ல இன்னொன்னு விழணுமாக்கும்?" என்று கேட்டேவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"வாரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்க. போகாம இருந்தாத்தான் தப்பு."

மறுநாள் போனேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அக்கா எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தாள், மாத்திரையும் போட்டாள். காரியம் முடிந்ததும் நாத்தனார் திருச்சுழி பஸ்ஸில் ஏறினாள். மற்றவர்களும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போனார்கள். நான் தூக்குச்சட்டியோடு போய்க்கொண்டுதான் இருந்தேன். கிளம்பும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் அப்படிச் சத்தமில்லாமல் செருப்பை மாட்டும்போது அக்கா கேட்டாள்.

"ஏன் ஊமையா போற?"

"இல்லக்கா, அன்னைக்கு வாய் தவறி..."

"சொல்லாமப் போன அத்தன பேரும் அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. நீ ஒருத்திதான் வாரேன்னு சொன்ன. அதக் கேட்டுத்தான் மறுநாளு விடியட்டும்னு கெடந்தேன். சொல்லிட்டுப் போ, தங்கச்சி."

அவள் பக்கம் திரும்பினேன்.

"வாரேன்க்கா" என்றேன்.