சாத்துக்குடித் தோலும் ஒரு ஸ்பூன் தீர்த்தமும்

இரும்புலியூரில் எனக்கு ஜூஸ் கடை. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மகள் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். நான் பிழிந்து போட்ட சாத்துக்குடித் தோல்தான் அவளுடைய ப்ராஜெக்ட். தோலை நிழலில் காயவைத்துப் பொடித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவாள். அந்தச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து சூடாக்கி, காலேஜ் உலையில் வைத்தால் வெள்ளைப் பொடி வரும். ஒவ்வொரு துகளும் கண்ணுக்கே தெரியாத நானோ அளவாம். வழக்கமாகச் சேர்க்கிற விஷ மருந்து எதுவும் வேண்டாம், தோலே அந்த வேலையைச் செய்துவிடும் என்றாள். குப்பைக்குப் போகிற தோலுக்குப் பெருமாள் இப்படி ஒரு வேலை வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை செய்து, மூன்றும் ஒரே மாதிரி வரவேண்டும். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவதற்கான சாறு வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. “சாதாரண தண்ணி ஒரு சொட்டுகூட படக் கூடாதுப்பா” என்று எச்சரித்திருந்தாள்.

சனிக்கிழமை திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு ஏறிவிட்டு, சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்தேன். பிள்ளைக்கு நல்லபடியாக முடியட்டும் என்று அந்தச் சாற்றில் ஒரு ஸ்பூன் விட்டேன். தீர்த்தம் சாதாரணத் தண்ணீர் இல்லையே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தவள் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. பொடி சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. எங்கே தப்பு நடந்தது என்று எழுதி வரச் சொல்லிவிட்டார் ப்ராஜெக்ட்டைப் பார்க்கிற மேடம். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். அதற்குள் உலை கிடைப்பது வியாழன் ஒரு நாள்தான். கலக்கும்போது சூட்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அவள் அம்மா வைத்த காபி ஆறிப்போனது.

சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால், செய்யாத தப்பைத் தன் கையாலேயே எழுதிவிடுவாள். சாமி படத்தைப் பார்த்தேன். அங்கேயும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீ தப்பு பண்ணலம்மா. நான்தான் அதுல தீர்த்தம் ஊத்தினேன்.”

பேனா நின்றது. “எவ்ளோ?”

“ஒரு ஸ்பூன்.”

துளசி இருந்ததா, பச்சைக் கற்பூரம் இருந்ததா, எந்த ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலில் எழுதியதை அடித்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

“அதாலதானான்னு எனக்கும் தெரியாது. ஆனா இதை மூணாவதுன்னு காட்ட முடியாது. மேடம் கேட்டா பெருமாளும் சேர்ந்து பண்ணாருன்னு சொல்லவாப்பா?”

அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

தோல் பொடி இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. புதன்கிழமை சாறு எடுத்து, பாட்டிலில் ‘அப்பா தொடக் கூடாது’ என்று ஒட்டினாள். நான் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வெளியில் நின்றே கும்பிட்டேன்.

வியாழக்கிழமை கடையில், போன் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று மிக்சியை நிறுத்தி வைத்தேன். ஜூஸ் கேட்டு வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னேன். நாலு மணிக்கு மேல் கூப்பிட்டாள்.

“வெள்ளைப்பா.”

கையில் இருந்த சாத்துக்குடியோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் வந்ததையும் அவள் ரிப்போர்ட்டில் மறைக்கவில்லை. என் ஒரு ஸ்பூனோடு அது அங்கே இருக்கிறது.