குபேர லிங்கத்தருகே நடக்காத திருட்டு

ஊக்கைப் பார்த்தால் இப்போதும் எதிர்வீட்டு அக்காவின் கழுத்துதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் கிளம்பும் முன் எங்கள் தெருப் பெண்கள் தாலிச் செயினை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்வார்கள். வெளியூர்க் கூட்டம் பெருக ஆரம்பித்திருந்த தொண்ணூறுகள் அவை. நகை பத்திரம், நகை பத்திரம் என்று வழிநெடுக மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். திருடன் என்றால் முகம் தெரியாதவன், கூட்டத்தில் வருகிறவன், அறுத்துக்கொண்டு ஓடுகிறவன். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். சாமி கும்பிட வந்த ஏழை எவனாவது தெரியாமல் உரசிவிட்டால்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முறைப்போம். அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு அக்காவுக்கு ஊக்கு குத்திவிட்டது நான்தான். அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடை திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே இரண்டு பேரும் கிளம்பினோம். அடி அண்ணாமலையில் அக்காவின் வீட்டுக்காரர் நண்பர்களோடு பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். உரக்கடை வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய "வாங்கம்மா, சாப்டுட்டுப் போங்கம்மா". அக்கா நின்றார். "நேரமாச்சுக்கா, வீட்டுக்குப் போய் சாப்டுக்கலாம்" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் ஊக்கைக் கழற்றி, "இந்தா, உன்னுது" என்று என்னிடம் கொடுத்தார். செயின் கழுத்தில் பத்திரமாக இருந்தது. தெருவில் ஈ, காக்கை இல்லை. எல்லாரும் மலை சுற்றப் போயிருந்தார்கள்.

மதியம் நான் சாப்பிட வந்தபோது அக்கா வீட்டில் ஒரே கூட்டம். அக்காவின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கீறல், தாடையில் தையல். குபேர லிங்கத்தருகே நெரிசலில் எவனோ செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்த வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "பொம்பளைங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். நகையக் கம்மியா போட்டுக்கோனு சொன்னா கேட்டாத்தானே" என்று அலுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டம்மா, "எந்தப் பாவி கையோ, அழுகிப் போவ" என்று சபித்தார். சபித்துவிட்டு, அந்தக் கை நீட்டிய காபியை வாங்கிக் குடித்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் கடைக்குப் போன பிறகு வீட்டுக்காரர் வந்து, பந்தலில் நிற்காமல் போய், நாலு பேர் எதிரில் தன் மரியாதையைக் கெடுத்துவிட்டாள் என்று செயினோடு சேர்த்துப் பிடித்து இழுத்திருக்கிறார். அது அறுந்துவிட்டது. அந்த வீட்டுச் சத்தம் தெருவுக்குப் புதிதல்ல. கேட்டால் நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம். அது குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்பதுதான் எல்லார் பேச்சும். என் பேச்சும் அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சாயங்காலம் ஒரு ஏட்டு விசாரிக்க வந்தார். வீட்டுக்காரர் சொன்னதற்கெல்லாம் அக்கா தலையாட்டினார். ஏட்டு என் பக்கம் திரும்பி, "நீதானேம்மா கூடப் போனது? ஆளைப் பாத்தியா?" என்று கேட்டார். அக்கா என்னையே பார்த்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "கூட்டத்துல பிரிஞ்சிட்டோம் சார், நான் பாக்கல" என்றேன். அக்கா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதன் பிறகு அந்தத் திருட்டு தானாகவே வளர்ந்தது. ஒருத்தன் மூன்று பேரானான், கையில் கத்தி வந்தது, வேற்று மாநிலத்து ஆட்கள் என்றார்கள். அடுத்த பௌர்ணமிக்குப் பெண்கள் இரண்டிரண்டு ஊக்கு குத்திக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பந்தலிலேயே ஒரு மைக் வைத்து, திருடர்கள் ஜாக்கிரதை என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். அறுந்த செயினைப் பற்றவைத்து, மெருகு போட்டு, புதிது என்று அக்கா கழுத்தில் மாட்டினார். "என்னா மனுஷன்யா" என்று தெருவே மெச்சியது. எதிர்வீட்டுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் கல்யாணமாகி வேலூருக்குப் போகும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், அவர் மாரடைப்பில் இறந்துவிட்டதாகத் தெரிந்து, கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அடி வாங்கி வாங்கி அவருக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. மகள் உள்ளே போன நேரம் பார்த்து, "உங்க மானம் போயிடக் கூடாதுனுதாங்க்கா அன்னிக்கு ஏட்டுகிட்ட அப்படிச் சொன்னேன்" என்றேன். இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த நன்றியைச் சொல்லுவார் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. பொய் சொல்லுவானேன்.

"மானமா?" என்றார் அக்கா. "நான் வாயத் தொறந்தா அன்னிக்கே கொன்னுருப்பாரு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ சொல்லிடுவேனு உன் வாயவே பாத்துட்டு இருந்தேம்மா." குரலில் கோபம் இல்லை. ஊர்க் கதை பேசுகிற மாதிரிதான் சொன்னார். "நீயும் இல்லைன்னதும், நம்மளக் கேக்க ஆளே இல்லைனு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. அப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "என்னாம்மா சொன்ன?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.