யோங்சுக் அக்காவின் நெத்திலி ஜாடி

ஒரு நெத்திலியை எடுத்து அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார் யோங்சுக் அக்கா. "இன்னா முத்தாலம்மா, நேத்து மீன இன்னிக்கு என் தலைல கட்டப் பாக்குறியா?" கொரியாவிலிருந்து கேளம்பாக்கத்துக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. தமிழ் கற்றுக்கொடுத்தவர் மீன் விற்கும் முத்தாலம்மாள் என்பதால் அவருக்குத் தெரிந்த தமிழே இதுதான். வங்கி மேனேஜரிடமும் இப்படித்தான் பேசுவார்.

கணவரின் கார் கம்பெனி வேலைக்காக வந்தவர், அவர் இறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. இங்கே தங்கியிருக்கும் கொரிய எஞ்சினியர்களுக்குச் சமைத்துப் போடுகிறார். கறிவேப்பிலைக் கொத்தானாலும் இரண்டு கைகளாலும்தான் கொடுப்பார். தெருச் சங்கக் கணக்கு எழுதும் நான், ஒருமுறை பட்டியலில் அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அவர்கள் ஊரில் செத்தவர் பெயரைத்தான் அப்படி எழுதுவார்களாம். "நான் உசுரோடதான் கீறேன் சார்" என்று நின்று, நீலத்தில் மாற்றிய பிறகே போனார்.

அக்காவின் பெரியப்பா ஜப்பான்காரர்கள் காலத்தில் வடக்கே சகாலின் தீவுச் சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பாதவர். சித்தி ஜெர்மனியில் நர்ஸ். தம்பிக்கு அமெரிக்காவில் சலவைக் கடை. "எங்க ஆளுங்கோ போன எடத்துல ஒட்டிக்குவாங்கோ" என்பார்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு ஜாடி நிறைய நெத்திலியும் உப்பும் போட்டு மொட்டை மாடியில் மூடி வைப்பார். அடுத்த கார்த்திகையில்தான் திறப்பார். அந்த மீன் சாறுதான் அவர் சமையலுக்கு உயிர். முதல் வருடம் நாற்றம் தாங்காமல் தெருவே சண்டைக்குப் போனது. இப்போது ஆளுக்கு அரை பாட்டில் கேட்டு வாங்குகிறோம், வெட்கமில்லாமல் நானும்.

இந்த வருடம் மகன் சியோலுக்கு வந்துவிடச் சொல்லி, பொங்கலுக்கு டிக்கெட்டே அனுப்பிவிட்டான். இரண்டு வாரமாக அக்கா யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. போய்விடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையும் பிறந்துவிட்டது. நேற்றுக் காலை முத்தாலம்மாள் கூடை நிறைய நெத்திலி கொண்டுவந்தார். போகிறாரா என்று நேராகக் கேட்க அவருக்குப் பயம். மீனைக் கிளறிக்கொண்டே, "இன்னாக்கா, இந்த வாட்டி கொழம்புக்குக் கால் கிலோ போதுமில்ல?" என்றார்.

அக்கா மாடிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு, கழுவிக் காயவைத்த காலி ஜாடியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி வந்து, கூடைக்கு முன்னால் வைத்து, மூடியைக் கழற்றினார்.